கட்புலப் பெயரும் உள்ளெழுத்தும்: ஹீலியம் என்னும் துணைநிரலகம் பற்றிய ஓர் ஆய்வு

மின்னூலகங்கள் பல்கிய இந்நாளில், ஒரு சொல் எந்நூலில் எத்துணை இடங்களிற் பயில்கின்றது, ஒரு சிற்றிலக்கிய வகையில் எத்துணை நூல்கள் கிடைக்கின்றன என்பனவற்றைக் காண விழையும் முதுகலை மாணவர், ஏடு புரட்டுவதினும் உலாவியை நாடுவதே பெரும்பான்மையாயிற்று. அவ்வுலாவியையும் தம் கையாற் சொடுக்காது, நிரலொன்று எழுதி அதன்வழி ஏவுதல் இப்பொழுது பரவிவரும் வழக்கம். ஆய்வேடுகளின் முன்னுரையில் 'தரவுகள் ஹீலியம் வழித் திரட்டப்பெற்றன' என்னும் தொடர் தலைகாட்டத் தொடங்கிவிட்டது. எப்பதிப்பைக் கொண்டீர், எச்சுவடியைக் கொண்டீர் என்று மாணவரைத் துருவித் துருவி வினாவும் தேர்வாளர், இத்தொடரை மட்டும் வினாவின்றிக் கடந்து செல்வதை யாம் பன்முறை கண்டுள்ளோம். ஒரு கருவி கொணர்ந்த சான்றை ஏற்குமுன் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டுமன்றோ? ஆதலின், ஹீலியத்தையும் ஒரு நூலாகவே கொண்டு, நூலை மதிப்பிடும் முறையானே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஹீலியத்தின் வரலாறு செலீனியத்திலிருந்து தொடங்குவது. 2004ஆம் ஆண்டில் சிக்காகோவில், தாட்வொர்க்ஸ் என்னும் நிறுவனத்திற் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ், வலைப்பக்கங்களைச் சோதித்தற்பொருட்டுச் செலீனியத்தை ஆக்கினார். மெர்க்குரி என்னும் பெயர்கொண்ட போட்டி நிறுவனமொன்று அந்நாளில் இருந்தது, மெர்க்குரியாவது பாதரசம், பாதரச நஞ்சுக்குச் செலீனியம் மாற்றாம் என்னும் நகைச்சுவையே பெயர்க்காரணம் என்பர். பின்னர்ச் சைமன் ஸ்டூவர்ட் ஆக்கிய வெப்டிரைவர் இதனோடு இணைந்து, 2011இல் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. வெப்டிரைவர் நெறிமுறை 2018ஆம் ஆண்டு சூன் திங்களில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாகவும் நிலைபெற்றது. இன்று பெருவழக்கான உலாவிகள் யாவும் இந்நெறிமுறைக்கு இணங்குவன.

ஹீலியமோ இதற்கு ஒன்பதாண்டு பிற்பட்டது. போலந்து நாட்டுச் சிறு நிறுவனமொன்றிற்காக 2013இல் மைக்கேல் ஹெர்மன் இதனை இயற்றினார். 2019இன் இறுதியில் அந்நிறுவனம் மூடப்பெற்றபொழுது, ஆக்கம் அழிந்துபோகாதவாறு அதனைச் செப்பஞ்செய்து, யாவரும் விலையின்றிக் கொள்ளத்தக்க உரிமத்தோடு அவரே வெளியிட்டார். முன்னர் ஜாவா, பைத்தான் என்னும் இருமொழிகட்கும் வழங்கியது, இப்பொழுது பைத்தானுக்கு மட்டுமே உரியது. செலீனியம் என்பது திங்களின் கிரேக்கப் பெயரடியாகவும், ஹீலியம் என்பது ஞாயிற்றின் கிரேக்கப் பெயரடியாகவும் பிறந்தவை. வானத்தே திங்கள் ஞாயிற்றிடம் ஒளி பெறும்; ஈண்டு ஞாயிறே திங்களிடம் ஒளி பெறுகின்றது. ஹீலியத்தின் ஒவ்வோர் ஏவலும் உள்ளே செலீனியத்தின் ஏவலாக மாறியே உலாவியைச் சென்றடைகின்றது.

அங்ஙனமாயின் இதனை வழிநூல் எனலாமோ? தொல்காப்பியர் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தார். செலீனியத்தில் ஐந்தாறு அடிகளில் எழுதவேண்டுவதை ஹீலியத்தில் ஈரடியில் எழுதிவிடலாமாதலின், மேலோட்டமாக நோக்குவார்க்கு இது தொகுத்தல் என்றே தோன்றும். யாமும் முதற்கண் அவ்வாறே கருதினோம். ஆயின் முதனூலின் முடிபை ஒருங்கொத்துச் செல்வதே வழிநூல். முதனூலொடு ஒருபுடை ஒத்து, வேறொரு கோட்பாட்டைத் தனக்கென மேற்கொள்வதனை நன்னூலார் சார்புநூல் என்பர். ஹீலியம் மேற்கொண்ட வேறுபாடு சிறிதன்று. அது பெயரிடுதல் பற்றிய வேறுபாடு.

இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குவாம். ஒரு மின்னூலகப் பக்கத்தில் 'நூற்பெயர்' என்னும் சொல்லின் அருகே ஒரு பெட்டியும், அதன்கீழ்த் 'தேடுக' என்னும் பொத்தானும் உள எனக் கொள்வோம். செலீனியத்தார் அப்பெட்டியை, பக்கத்தை ஆக்கியவர் உள்ளே இட்டுவைத்த அடையாளக் குறியாலோ, எக்ஸ்பாத் என்னும் வழிக்குறிப்பாலோ சுட்டுவர். அக்குறி பார்ப்பவர் கண்ணுக்குப் புலனாகாதது, பெரும்பாலும் பொருளற்றது, ஆக்கியோன் இட்டதே குறியாய் நிற்பது. அதனை இடுகுறி என்பதிற் பிழையில்லை. ஹீலியத்தாரோ, 'ரைட்' என்னும் ஏவலோடு எழுதவேண்டும் சொல்லையும், 'இன்டு' என்னும் உருபோடு 'நூற்பெயர்' என்பதனையும் தந்து அமைவர். அடுத்துக் 'கிளிக்' என்னும் ஏவலோடு 'தேடுக' என்பதனைத் தருவர். எழுது என்பது ஏவல்வினை. எழுதப்படும் சொல் செயப்படுபொருள். 'இன்டு' என்பது நம் ஏழாம் வேற்றுமையின் தொழிலைச் செய்வது. நிரலைப் படிப்பவர் நூலகப் பணியாளர்க்கு ஒருவர் இடும் ஏவலையே படிக்கின்றார் போலும் என எண்ணுமாறு அது அமைந்துள்ளது. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் அழகுகள் இரண்டும் இந்நிரலகத்தின்பால் உள என்பதனை யாம் மறுக்கவில்லை.

ஒரே சொல் பக்கத்திற் பலவிடத்து வருமாயின், இதன் மேல், இதன் கீழ், இதன் வலம், இதன் இடம் என இடஞ்சுட்டித் தெரிந்தெடுக்கவும் ஹீலியம் வகைசெய்துள்ளது. பின்னாளில், 2021இல் வெளிவந்த செலீனியத்தின் நான்காம் பதிப்பும் இத்தகைய இடஞ்சுட்டும் முறையைத் தானும் மேற்கொண்டது என்பது குறிக்கத்தக்கது. காத்திருத்தலிலும் ஹீலியம் பொறுமையுடையது. தேடிய உறுப்பு இன்னும் திரையில் தோன்றவில்லையாயின் செலீனியம், வேறு கட்டளை இல்லாதவழி, உடனே பிழையென்று நின்றுவிடும். ஹீலியம் பத்து நொடிவரை காத்து நிற்கும். பக்கத்துள் பக்கமாய் அமைந்த சட்டகங்களுள் நுழைதற்கும் தனியே ஏவல் வேண்டா. இவை யாவும் பயன்கொள்வார் நன்கறிந்தவையாதலின் விரியாது விடுகின்றோம்.

இனி, கட்புலனாம் பெயரானே எதனையும் சுட்டலாம் என்னும் அக்கோட்பாட்டிற்கு வருவோம். நூலகப் பக்கம் தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழியிலும் வழங்குமாயின், ஆங்கில முகப்பிற்கு எழுதிய ஹீலிய நிரல் தமிழ் முகப்பில் ஓரடியும் செல்லாது. செலீனியத்தின் இடுகுறியோ மொழிமாற்றத்தாற் பெரும்பாலும் கெடாது. இஃது ஒரு குறையெனினும் எளிதில் அறியப்படும் குறை. நிரல் நின்றுபோதலின் மாணவர் உடனே உணர்ந்து திருத்திக்கொள்வர். எம் கவலை அதுபற்றியதன்று. நிரல் நில்லாது ஓடி, பிழைபட்ட விடையை மெய்விடை போலத் தந்து முடியும் இடங்களைப் பற்றியது.

கண்ணாற் காண்பது எழுத்தின் வடிவம். நிரல் காண்பதோ அவ்வடிவின் பின்னுள்ள ஒருங்குறி எண்கள். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே வேறுபாடு அருகியே தோன்றும்; அம்மொழியை நோக்கி ஆக்கப்பெற்ற நிரலகம் இரண்டனையும் ஒன்றெனக் கொண்டதில் வியப்பில்லை. தமிழில் நிலை அதுவன்று. 'கொ' என்னும் உயிர்மெய்யின் ஒகரக்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். எகரக்கொம்பும் காலும் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். ஓகாரக்குறியும் ஔகாரக்குறியும் அத்தகையனவே. திரையில் இருவகையும் ஒரே வடிவாய் விளங்கும். அவை நிகரானவை என ஒருங்குறித் தரமே விதித்துள்ளது. ஆயின் அந்நிகர்மையை ஒப்புநோக்குவோர்தாம் செய்துகொள்ளல் வேண்டும். ஹீலியம் தன் தேடலுக்கு எக்ஸ்பாத்தின் முதற்பதிப்பையே சார்ந்துள்ளது. உலாவிகளும் அதனையே அறிவன. அப்பதிப்பிலோ இந்நிகர்மை காணும் வினை இல்லை. ஆகவே பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றி ஏற்றப்பெற்ற ஒரு பக்கத்திற் 'கோவை' இரண்டு குறிகளான் எழுதப்பட்டிருக்குமாயின், மாணவர் தம் விசைப்பலகையில் ஒற்றைக் குறியான் எழுதிய 'கோவை' அதனைச் சென்று பொருந்தாது.

இதனினும் கொடியது ஔவையாரின் பெயர்க்கு நேர்ந்தது. ஔ என்பது ஓரெழுத்து. தட்டச்சு செய்வோர் பலர் ஒகரத்தின்பின் ளகரத்தை இட்டு 'ஒள' என எழுதிவிடுகின்றனர். அச்சிலும் திரையிலும் வேறுபாடு புலனாவது அரிது. இவ்விரண்டும் ஒருங்குறியில் நிகரல்ல. எழுத்தும் வேறு, எண்ணும் வேறு. ஆகவே ஔவையின் பாடலைத் தேடும் நிரல், 'ஒளவை' என ஏற்றப்பட்ட பாடலனைத்தையும் விட்டொழியும்.

இன்னும் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களைக் கொண்டு ஆக்கிய பக்கங்களில், கண்ணுக்குத் 'தமிழ்' எனத் தோன்றுவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் உரோமன் எழுத்து நான்கும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். கட்புலப் பெயரே பெயர் என்பார்க்கு இப்பக்கம் ஒரு பொறிக்கூண்டு. படிப்பவர் தமிழைக் காண்கின்றார். நிரலோ அங்கே தமிழ் ஓரெழுத்தும் காணாது.

இரண்டாவதாகப் பொருத்தும் முறையை நோக்குவோம். ஹீலியம் தந்த சொல்லை முழுச்சொல்லாகவும் பொருத்துவதில்லை. சொல்லின் யாண்டேனும் வருமா என்றும் நோக்குவதில்லை. தந்த சொல் தொடக்கத்தில் நிற்கின்றதா என்பதனையே நோக்கும். ஆங்கிலத்தின் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாட்டையும் அது புறக்கணிக்கும். அஃது நமக்கு வேண்டாதது. பொத்தானில் 'தேடுக' என்றோ 'தேடுதல்' என்றோ இருப்பினும் 'தேடு' என்று தந்தால் அகப்படும் என்பது இம்முறையின் நன்மை. ஆயின் தமிழ் நூற்பெயர்களின் அமைப்பிற்கு இம்முறை நேர்மாறானது. நம் நூற்பெயர்களில் இலக்கிய வகையைச் சுட்டும் தலைமைச்சொல் ஈற்றில் நிற்பது: தஞ்சைவாணன் கோவை, பாண்டிக்கோவை, தமிழ்விடு தூது, மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். தொடக்கத்தை மட்டும் நோக்கும் நிரல் பாட்டுடைத் தலைவரைக் காணுமேயன்றி, நூல் எவ்வகையது என்பதனைக் காணாது.

எம் மாணவர் ஒருவர் கோவை நூல்களைத் தொகுக்க எண்ணி, ஒரு மின்னூலகத்தின் பெயர்ப்பட்டியற் பக்கத்தில் ஹீலியத்தின் 'ஃபைண்ட் ஆல்' என்னும் ஏவலைக் 'கோவை' என்னும் இணைப்புச் சொல்லோடு இயக்கினார். ஒரேயொரு நூல் அகப்பட்டது. அதுவும் கோயம்புத்தூர் நகரின் வரலாறு கூறும் நூல்! கோயம்புத்தூர் கோவையென மருவியதை நிரல் அறியுமா? நகைப்பிற்கிடனான இவ்விடையால் மாணவர் விழித்துக்கொண்டார். அந்நகர நூல் அப்பட்டியலில் இல்லாதிருப்பின், விடை வெறுமையாக வந்திருக்கும். 'இம்மின்னூலகத்தில் கோவை நூல் ஒன்றும் இல்லை' என்னும் தொடர் ஆய்வேட்டில் ஏறியிருக்கும். அதனை மேற்கோளாகக் கொள்வாரும் பின்னர்த் தோன்றியிருப்பர்.

புள்ளியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. தொல்காப்பிய நெறியில் மெய் புள்ளியொடு நிற்பது. அகரம் ஏறியவழிப் புள்ளி நீங்கும். மெய்யே அடிப்படை, உயிர்மெய் அதன்மேற் பிறப்பது. ஒருங்குறி இதனைத் தலைகீழாக்கிற்று. அகரமேறிய எழுத்தே அங்கு அடிப்படை; அதன்மேற் புள்ளியைப் பின்னர்ச் சேர்த்தால்தான் மெய்யாகும். இதனால் தொடக்கப் பொருத்தத்தில் விளையும் விந்தைகள் பல. 'கல' என்று தந்தால் கலம்பகம் மட்டுமன்றிக் கலையும் கல்வியும் கல்லாடமும் ஒருங்கே வந்து நிற்கும். ஏனெனில் அவையனைத்தும் உள்ளெண்ணளவில் ககரமும் லகரமும் கொண்டே தொடங்குவன. மாறாக, 'நூல்' என்று தந்தால் நூல்கள் வரும். நூலகம் வாராது, நூலாசிரியர் வாரார். உடல்மேல் உயிர் வந்து ஒன்றிய அவ்விடத்துப் புள்ளி இல்லையன்றோ? தமிழறிந்தார் எவரும் நூலகம் என்னும் சொல்லின் முதற்கண் நூல் இல்லை என்னார். நிரல் அங்ஙனமே கூறும்.

செலீனியத்திலும் இதே இடர் உண்டன்றோ என்று வினாவலாம். உண்டு, ஆங்கும் எக்ஸ்பாத்தே, ஆங்கும் அதே எண்களே. ஆயின் ஆங்கு, 'தொடங்குக' என்பதா 'உள்ளடங்குக' என்பதா என நிரல் எழுதுவோரே தம் கையால் எழுதவேண்டும், எழுதுங்கால் எண்ணவேண்டும். ஹீலியம் அவ்வெண்ணத்தை அவர்க்காகத் தானே எண்ணி மறைத்துவிடுகின்றது. நூற்குற்றங்களுள் குன்றக் கூறல் என்பதனை யாம் இதன்மேல் ஏற்றுவது இக்காரணத்தான். 'உள்ளடங்குக' என்பதும் முற்றும் காப்பதன்று என்பதனையும் உடன் கூறல் வேண்டும். உலா நூல்களைத் தேடுவார்க்கு 'உலா' என்னும் சொல் 'மூவருலா' என்னும் பெயருள் அகப்படாது. புணர்ச்சியில் ரகரமெய்யின்மேல் உகரம் ஏறி 'ரு' ஆயிற்று. உலாவின் உகரம் எழுத்தாக அங்கு இல்லை. புணரியலைக் கல்லாத எப்பொருத்தமும் தமிழில் இவ்வாறே இடறும்.

இவ்விடர்களின் விளைவு எத்தகையது என்பதே எம் தலையாய வினா. ஹீலியத்தில், இல்லாத பொத்தானைச் சொடுக்குமாறு ஏவினால் அது பிழையென்று கூவி நிற்கும். ஆனால் 'எக்ஸிஸ்ட்ஸ்' என்று உண்மை வினாவினால் 'இல்லை' என்று அமைதியாக விடை கூறும். 'ஃபைண்ட் ஆல்' என்று ஏவினால் வெறும் பட்டியலைத் தரும். இவையிரண்டுமே ஆராய்ச்சியிற் பெரிதும் பயில்வன. மணிமேகலை அளவைகளுள் அபாவம் என்பதனையும் எண்ணுகின்றது; ஒன்றின் இன்மையை அறிதலும் அறிவே என்பது அதன் கருத்து. இன்மையை அறிதற்கு, இருந்திருப்பின் கண்டிருப்போம் என்னும் உறுதி முன்னர் வேண்டும். ஹீலியத்தின் 'இல்லை' அவ்வுறுதியைத் தருவதன்று. 'இச்சொல் சங்க நூல்களில் இல்லை', 'இவ்வழக்கு இன்ன நூற்றாண்டின்பின் தோன்றியது' என்னும் முடிபுகளை இத்தகைய 'இல்லை'களின்மேற் கட்டுவோமாயின், சொல்லின் வரலாற்றையே பிறழக் கூறினோமாவோம். அச்சிட்ட சொல்லடைவில் ஒரு பிழை நேர்ந்தால், ஏடு கண்முன் இருத்தலின் பிறர் ஒப்பிட்டுத் திருத்தக் கூடும். நிரலின் பிழையோ நிரலோடு மறைந்துவிடுகின்றது. ஏனெனில் மாணவர் நிரலை ஆய்வேட்டிற் சேர்ப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஹீலியத்தைத் துறந்துவிடுக என்று யாம் கூறவில்லை. பக்கத்தைத் திறத்தல், பெட்டியில் எழுதுதல், பொத்தானைச் சொடுக்குதல், தோன்றும் வரை காத்தல் என்னும் இயக்கங்கட்கு அதனினும் எளிய கருவியை யாம் அறியோம். ஆண்டுப் பிழை நேரினும் நிரல் நின்று தன் பிழையைத் தானே அறிவிக்கும். தேடுதலை மட்டும் அதன்பால் விடலாகாது. 'எஸ்' என்னும் அதன் சுட்டால் பக்கத்திலுள்ள இணைப்பனைத்தையும் வாரி எடுத்து, அவற்றின் எழுத்துத் தொடரைப் பைத்தானிடம் ஒப்படைத்தல் நன்று. பைத்தானோடு உடன்வரும் 'யுனிகோட்டேட்டா' என்னும் நிரற்கூறு இருவகை ஒகரங்களையும் ஒருவகையாக்கித் தரும். அவ்வாறு இருபாலும் ஒருவகையாக்கிய பின்னரே ஒப்புநோக்குதல் வேண்டும். 'ஒள' என்னும் பிழையை அது திருத்தாது. அதற்கெனத் தனியே ஒரு விதி எழுதுக. உலாவிற்கும் அவ்வாறே. அன்றியும், திரட்டத் தொடங்குமுன் அப்பக்கத்தில் உள்ளதென்று கண்ணாற் கண்ட பத்துப் பெயர்களைத் தந்து நிரலைச் சோதித்தல் மாணவர்க்கு அரைமணி வேலை. பத்தில் ஒன்பதே அகப்படுமாயின், அவ்வொன்று ஏன் அகப்படவில்லை என்பதே அன்றைய ஆராய்ச்சியாகட்டும். நொடிக்கு நூறு பக்கம் கேட்டு நூலகத்தின் வழங்கியைத் திணறச் செய்யாதிருத்தல் வேண்டும் என்பது இடையே கூறவேண்டிய பிறிதொன்று.

நிகர்மையாக்கும் வினைக்கும் அகப்படாத ஒன்று எஞ்சியுள்ளது. வைணவ உரைநூல்களின் பெயர்களில் மிகப் பயிலும் 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை ஒருங்குறியில் முன்னாளில் ஸகரத்தை முதலாகக் கொண்டே எழுதினர். 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில் ஶகரத்திற்குத் தனியெண் வழங்கப்பெற்றபின், அதனை முதலாகக் கொண்டு எழுதுவதே முறையாயிற்று. எழுத்துருக்கள் இரண்டனையும் ஒரே வடிவிற் காட்டுவன. ஒருங்குறித் தரமோ இவற்றை நிகரெனக் கொள்ளவில்லை. ஒரே நூலகப் பட்டியலில் இருவகையும் விரவி வரக்கூடும். ஶ்ரீயைத் தேடுவார் ஒரு பாதியையும், ஸ்ரீயைத் தேடுவார் மற்றொரு பாதியையும் பெற்று, தத்தம் தொகையை முழுத்தொகையென எண்ணிச் செல்வர். இருவரும் தத்தம் ஆய்வேட்டில் இருவேறு எண்ணிக்கை தருவாராயின், தேர்வாளர் இருவரையும் அழைத்து முதற்கண் அவர்தம் நிரலைக் காட்டுமாறு கேட்க வேண்டும்.